குசினிக்கு ஒரு பை சீமெந்து

வீட்டுத்திட்டத்தில் வீடு பெற்ற குடும்பம் ஒன்றிடம் போய், "குசினி வேலை முடிந்துவிட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மறுமொழிதான் வரும்: "அதைப் பிறகு பார்ப்பம்."

முன் விறாந்தைக்குச் சாந்து பூசியாயிற்று. யன்னலுக்குக் கம்பி போட்டாயிற்று. முன்கதவுக்கு வர்ணமும் அடித்தாயிற்று. குசினியில் மட்டும் இன்னும் மண் நிலம், மூன்று கல் அடுப்பு, சுவரோரமாகக் கறையான் அரித்த ஒரு பலகை. அந்தப் பலகையின் மேல் சட்டி பானைகள். வீட்டுக்காரி நிலத்திலே குந்தியிருந்து மரக்கறி வெட்டுகிறாள். காலையில் வெங்காயத் தோட்டத்தில் குனிந்து களை பிடுங்கியவள், வீட்டுக்கு வந்தும் குனிந்தபடியே சமைக்கிறாள். "பிறகு" என்ற அந்தச் சொல் பத்து வருடமாகியும் பிறகாகவே இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். குசினியைக் கடைசி வேலையாக விடாதீர்கள். ஒரு பை சீமெந்தை முதலிலேயே குசினிக்கென்று எடுத்து வையுங்கள். அதைக் கொண்டு சமையல் மேடைக்கு வேண்டிய கொங்கிறீற்றுப் பலகைகளை வீட்டாரே ஊற்றிக் கொள்ளலாம். சொந்தக் காணிக்கு இன்னும் போக முடியாதவர்களும் ஊற்றலாம். போகும் நாளில் அவற்றைத் தூக்கிக் கொண்டு போகலாம்.

மூன்று கல்லுக்கு இறங்கிய குசினி

இடம்பெயர்வதற்கு முன்னர் எங்கள் வீடுகளிற் குசினி தனியாக இருந்தது. பெண்கள் அன்றும் நிலத்திலிருந்துதான் அரைத்தார்கள், துருவினார்கள். ஆனால் அம்மிக்கு ஓரிடம், ஆட்டுக்கல்லுக்கு ஓரிடம், தண்ணீர்க் குடத்துக்கு ஒரு திட்டு என்று ஒவ்வொன்றுக்கும் இடமிருந்தது. கைக்கு உதவியாக மூத்த பெண்களும் வீட்டில் இருந்தார்கள்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்களுக்கு அந்த இடங்கள் எல்லாம் ஒரே இரவில் இல்லாமற் போயின. அதற்கு ஐந்து வருடம் முன்னரே, 1990 ஒக்டோபரில், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும் அதுவே நடந்தது. 2009 இல் வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு அடுப்பு வைக்க மூன்று கல் தேடுவதே பெரும்பாடாயிற்று. என் தாயார் தம் வாழ்நாளில் ஏழு இடங்களில் அடுப்பு மூட்டினார். எந்த இடத்திலும் இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டு அவருக்குக் கிடைக்கவில்லை. முகாமில் அது எவருக்கும் கிடைக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகும் முகாம் அடுப்படியையே நாம் புதிய வீட்டுக்குள் கொண்டு போயிருக்கிறோம். அதுதான் குறை.

நிலத்திற் சமைப்பதால் வரும் தொல்லைகளை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தவழும் பிள்ளை கொதிக்கும் சட்டியை இழுக்கிறது. கோழி சோற்றுப் பானையைக் கிளறுகிறது. மழை நாளில் நிலம் ஊறிச் சேறாகிறது. நாற்பது வயதில் முழங்காலும் நாரியும் நோகத் தொடங்குகின்றன. போரிலே காலை இழந்த பெண்ணுக்கோ நிலத்தில் குந்துவது முடியாத காரியம். ஒரு மேடை இருந்தால் அவளும் தன் குடும்பத்துக்குத் தானே சமைப்பாள்.

இரண்டு மறுப்புகள்

இதைச் சொல்லும் போதெல்லாம் இரண்டு மறுப்புகள் வருகின்றன. இரண்டும் நியாயமானவை. ஆகவே இரண்டுக்கும் மறுமொழி சொல்ல வேண்டும்.

முதலாவது, செலவு. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. அந்தப் பணத்தோடு வீடு முடியாமற் பல குடும்பங்கள் கடன்பட்டதும், நகையை அடகு வைத்ததும் எல்லோரும் அறிந்தவை. சீமெந்தின் விலையும் சும்மா இருக்கவில்லை. 2021 இல் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவாக இருந்த 50 கிலோப் பை, 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. இந்த நிலையில் மேடைக்கு மாபிளும் கருங்கற் பலகையும் வாங்கச் சொன்னால் அது கேலியாகும். நான் சொல்வது ஒரே ஒரு பை. முன் விறாந்தைத் தூணுக்குப் பூ வேலை செய்யப் போகும் பை அதுவாகவே இருக்கலாம்.

இரண்டாவது மறுப்பை உறவினர் காணியொன்றில் இருக்கும் ஒரு மாமி சொன்னார்: "இது எங்கட காணியே தம்பி? நாளைக்கு எழும்பு எண்டால் எழும்ப வேணும். இதில மேடை கட்டி என்ன செய்யிறது?"

இந்தக் கேள்விக்கு முன்னால் எவரும் வாயடைத்துப் போவர். இடம்பெயர்ந்தவர்கள் மற்றவர் காணியில் ஒரு மரங்கூட நடத் தயங்குவார்கள். வலிகாமம் வடக்கிலே காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. இன்னும் விடுபடாத காணிகளுக்காகக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் "இங்கேயே நிலையாகக் கட்டுங்கள்" என்று சொன்னால், "உங்கள் ஊரை மறந்துவிடுங்கள்" என்று சொல்வது போல அவர்களுக்குக் கேட்கும்.

அதனாலேதான் கட்டும் மேடையை விட்டு, ஊற்றியெடுக்கும் பலகையைப் பற்றிப் பேசுகிறேன். சுவரோடு சேர்த்துக் கட்டிய மேடையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தனியாக ஊற்றிக் கற்கால்களின் மேல் வைத்த பலகையைக் கழற்றி எடுக்கலாம். மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகை சரியாக ஒரு கன அடி. அதன் பாரம் ஏறத்தாழ 68 கிலோ. ஒரு நெல் மூடையளவு. நெல் மூடை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியில் அதுவும் ஏறும். அந்த மாமியின் வீட்டில் இரண்டு பலகைகள் ஊற்றினோம். காணி விடுபடும் நாளில் முதலில் ஏற்றப் போவது எதுவென்று அவர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

தோட்டக்காரர் கண்ட வழி

கொங்கிறீற்று வேலை மேசன்மாருக்கே உரியது என்று நாம் நினைக்கிறோம். வீட்டுக் கூரை, தூண், வளை ஆகியவற்றுக்கு அது உண்மை. அவற்றை அனுபவமில்லாதவர் தொடக்கூடாது. சிறு பலகைக்கு அப்படியல்ல. சீமெந்துக்குள் இரும்பை வைத்து வார்க்கும் முறைக்கு 1867 இல் உரிமம் பெற்ற பிரான்ஸ் நாட்டு ஜோசப் மொனியே என்பவர் ஒரு தோட்டக்காரர். செடி வைக்கும் தொட்டிகள் உடையாமலிருக்க அவர் கண்ட வழியே அது.

எங்கள் பகுதியினருக்கும் சீமெந்து புதிதல்ல. 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் நின்றுபோகும் வரை, எங்கள் மண்ணின் சுண்ணாம்புக் கல்லே சீமெந்தாயிற்று. பின்னர் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு பை சீமெந்து எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றும் எத்தனையோ பெண்கள் வளவில் சீமெந்துக் கல் அரிந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். கல் அரியத் தெரிந்த கைக்குப் பலகை ஊற்றத் தெரியாதா?

ஊற்றும் முறை

முதலில் அச்சு. இரண்டு அங்குல உயரமான நான்கு சட்டங்களை உட்பக்கம் மூன்றடிக்கு இரண்டடி வரும்படி அடித்துக் கொள்ளுங்கள். மட்டமாக்கிய நிலத்தில் மணல் பரப்பி, அதன் மேல் வளையாத தகடு அல்லது வழவழப்பான பலகையை வைத்து, சட்டத்தை அதன் மேல் இருத்துங்கள். அடியில் எது இருக்கிறதோ அதன் முகமே உங்கள் மேடையின் முகமாகும். தகடு வழவழப்பாயின் மேடையும் வழவழப்பாக இருக்கும். பொலித்தீன் விரித்தால் அதன் ஒவ்வொரு சுருக்கமும் மேடையில் விழும். அச்சு ஒட்டாதிருக்கத் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவினாற் போதும். கழிவு எண்ணெய் பூசினாற் கறையும் மணமும் போகா. சமையல் மேடைக்கு அது ஆகாது.

அடுத்தது மணல். கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு உள்ளேயிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பெருத்துப் பலகையை வெடிக்க வைக்கும். நாவில் வைத்துக் கரித்தால் அந்த மணலை விட்டுவிடுங்கள். சேறு எவ்வளவு என்று பார்க்க, ஒரு போத்தலில் மூன்று அங்குலம் மணல் போட்டுத் தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். சில மணித்தியாலத்தில் மணல் கீழும் சேறு மேலுமாகப் படியும். சேறு கால் அங்குலத்திற்கு மேற்பட்டால் மணலைக் கழுவ வேண்டும். தண்ணீருக்கும் இதே சட்டந்தான். குடிக்க ஆகாத உவர்க் கிணற்றுத் தண்ணீர் பலகைக்கும் ஆகாது. மணலோ உடைந்த கல்லோ அள்ளும்போது, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திற்குள் ஒருபோதும் காலெடுத்து வைக்காதீர்கள்.

சல்லி அரை அங்குலத்திற்கு மேற்படாத சிறு கருங்கற் சல்லியாக இருக்கட்டும். சீமெந்து கட்டி பிடிக்காததாக இருக்க வேண்டும். விரலால் நசுக்கியும் உடையாத கட்டிகள் இருந்தால் அந்தப் பையின் சத்துப் போய்விட்டது என்று அறியுங்கள். பையை ஒருபோதும் வெறும் நிலத்தில் வைக்காமற் பலகையின் மேல் வையுங்கள்.

அளவு இதுதான்: சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சல்லி மூன்று பங்கு. ஐந்து லீற்றர் வாளியால் அளந்தால், ஒரு பலகைக்குச் சீமெந்து ஒன்றரை வாளி, மணல் மூன்று வாளி, சல்லி நாலரை வாளி. தண்ணீர் ஒரு வாளி. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைவு. இந்தக் கணக்கில் ஒரு பைச் சீமெந்தில் நான்கு பலகை ஊற்றி, கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம்.

கம்பிக்கு ஆறு மில்லிமீற்றர்க் கம்பி போதும். நீளப்பாட்டில் நான்கு, குறுக்காக ஐந்து வைத்து, கட்டுக்கம்பியால் முடிந்து கொள்ளுங்கள். உடைந்த வீட்டுக் கம்பியை நிமிர்த்தியும் பாவிக்கலாம். உதிரும் துருவைத் தேய்த்தெடுக்க வேண்டும். கோழிக்கூட்டு வலை மட்டும் இதற்குப் போதாது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பலகையின் மேல் பாரம் ஏறும்போது அதன் அடிப்பக்கமே இழுபட்டு வெடிக்கப் பார்க்கும். ஆகவே மேடையாக வைத்தபின் கம்பி அடிப்பக்கத்தை அண்டி இருக்க வேண்டும். நாமோ பலகையைத் தலைகீழாக ஊற்றுகிறோம். அச்சில் கீழே இருப்பது மேடையின் மேல் முகம். எனவே முதலில் ஒன்றேகால் அங்குலம் கலவை போட்டு, அதன் மேல் கம்பியை வைத்து, மிச்ச முக்கால் அங்குலத்தைப் பிறகு நிரப்ப வேண்டும். புரட்டிய பின் கம்பி சரியான இடத்தில் இருக்கும். ஒரு தடியால் மூலை முடுக்கெல்லாம் குத்தி, சட்டத்தைச் சுற்றிவரச் சுத்தியலால் தட்டினால் காற்றுக் குமிழிகள் வெளியேறும்.

நனைந்த சீமெந்து கையைப் புண்ணாக்கும். கையுறை இல்லாவிட்டாற் பொலித்தீன் பையையாவது கையிற் கட்டிக் கொள்ளுங்கள். பட்ட இடத்தை உடனே நிறையத் தண்ணீராற் கழுவுங்கள். சிறு பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

நான் உடைத்த பலகை

நான் ஊற்றிய முதலாவது பலகை உடைந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லாவிட்டாற் பிறரும் அதே பிழையை விடுவார்கள்.

ஓர் ஆடி மாத நண்பகலில் ஊற்றினேன். கலவை இறுக்கமாக இருந்தது. கிளறக் கை நொந்தது. பக்கத்தில் நின்றவர், "கொஞ்சம் தண்ணி விடுங்கோ, லேசாய்ப் போகும்" என்றார். விட்டேன். கலவை கஞ்சி போல ஓடியது. அச்சும் அழகாக நிரம்பியது. மாலையில் மேற்பரப்புக் காய்ந்து வெள்ளையாயிற்று. "நல்லாய்க் காய்ந்துவிட்டது" என்று மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் அச்சைக் கழற்றிக் கால்களின் மேல் ஏற்றினேன். கம்பியையும் தலைகீழாக வைத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீர்க் குடத்தைக் கொண்டு வந்து வைத்ததும் பலகை நடுவாலே பிளந்தது. அந்தத் துண்டுகள் இன்றும் கிணற்றடியிற் கால் கழுவும் கல்லாகக் கிடக்கின்றன.

அன்று நான் கற்றுக் கொண்டவை இரண்டு. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே முதல் வாரம் முழுவதும் அதற்கு ஈரம் வேண்டும். ஆனால் கலக்கும்போது அளவுக்கு மேல் விடும் தண்ணீர் சீமெந்தோடு சேர்வதில்லை. அது பின்னர் வெளியேறி, தான் இருந்த இடத்தைத் துளையாக விட்டுப் போகிறது. அந்தத் துளைகளே பலகையின் பலவீனம். கலக்கும்போது தண்ணீரில் உலோபியாக இருங்கள்; ஊற்றிய பின் தாராளமாக இருங்கள். நாற்று மேடைக்குத் தண்ணீர் பிடிக்கத் தெரிந்த உங்களுக்கு இது கடினமான பாடமல்ல.

எனவே வெயில் தாழ்ந்த பின் ஊற்றுங்கள். இறுகத் தொடங்கியதும் நனைத்த சாக்கால் மூடுங்கள். காலையும் மாலையும் சாக்கை நனையுங்கள். மூன்று நான்கு நாளிற் பக்கச் சட்டங்களைக் கழற்றலாம். ஏழு நாள் வரை பலகையைப் புரட்ட வேண்டாம். அந்த ஏழு நாளில் அது தன் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அடைந்துவிடும். 28 நாள் சென்ற பின் முழுப் பாரத்தையும் ஏற்றலாம். அவசரப்பட்டவர் இரண்டு முறை ஊற்ற வேண்டும்.

புரட்டிய பின் முகத்திற் சிறு துளைகள் தெரிந்தால், தனிச் சீமெந்தைக் குழைத்துத் தேய்த்து அடையுங்கள். பின்னர் சாணைக் கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் வழவழப்பாகும். உலர்ந்தபடி தேய்க்க வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

வைக்கும் உயரம் யாருடையது?

மேடையின் உயரத்தை யார் தீர்மானிப்பது? வீட்டுப் படம் வரைந்தவரோ, மேசனோ, வீட்டுத் தலைவரோ அல்லர். அங்கே நின்று சமைப்பவரே தீர்மானிக்க வேண்டும். அவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடிக்கட்டும். நிலத்திலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் நாலு அங்குலத்தைக் குறையுங்கள். அதுவே வெட்டவும் கழுவவும் ஏற்ற உயரம். சக்கர நாற்காலியில் இருந்து சமைப்பவராயின், முழங்கால் உட்செல்ல இருபத்தேழு, இருபத்தெட்டு அங்குல உயரத்திற்கு அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

இரண்டு பலகைகளுக்கு மூன்று கால்கள் போதும். நடுக்காலில் இரண்டு பலகைகளும் மும்மூன்று அங்குலம் தங்கும். ஆறு அங்குலச் சீமெந்துக் கற்களை, பின்பக்கம் சுவரைத் தொடும்படி அடுக்குங்கள். உயரம் கூடினால் முதல் வரியைத் தேவையான அளவு நிலத்துள் இறக்குங்கள். சொந்தக் காணியானாற் சீமெந்துச் சாந்து பூசிக் கட்டுங்கள். இன்னொருவர் காணியாயிற் களிமண் சாந்து போதும். போகும் நாளிற் கற்களும் முழுதாகக் கழரும்.

பலகையைத் தூக்கும்போது கதவைத் தூக்குவது போல நிமிர்த்தித் தூக்குங்கள். படுக்கையாகத் தூக்கினால் நடுவில் வெடிக்கலாம். வண்டியிலும் வைக்கோலின் மேல் நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். இருவர் போதும் என்று எண்ணாதீர்கள், நால்வரைக் கூப்பிடுங்கள்.

அடுப்பை நேரே பலகையின் மேல் வைக்க வேண்டாம். கடுஞ்சூட்டிற் கொங்கிறீற்று பலமிழந்து தெறிக்கும். அடுப்புக்குத் தனியாகத் தாழ்ந்த திட்டு ஒன்று செய்து, செங்கல் பரப்பிக் களிமண் பூசி அதன் மேல் வையுங்கள். பானையின் உயரமும் சேர்வதால் அடுப்புத் திட்டு மேடையை விடத் தாழ்ந்திருப்பதே நல்லது. இறக்கிய சட்டியைத் திருகணையின் மேல் வையுங்கள்.

தேசிக்காய், புளி, வினாகிரி மூன்றும் சீமெந்தை அரிக்கும். சிந்தியவுடன் துடைத்துவிடுங்கள். பலகை நன்றாக உலர்ந்த பின் தேன்மெழுகையோ மெழுகுதிரித் துண்டுகளையோ இளஞ்சூட்டில் உருக்கித் துணியால் தேய்த்தால் எண்ணெயும் மஞ்சளும் அவ்வளவு ஊறா. சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தேய்க்க வேண்டும். முதல் மாதம் மாவையோ வெட்டிய மரக்கறியையோ நேரே பலகையின் மேல் வைக்காமல் தட்டில் வையுங்கள்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் மேடை வைக்கும் நாளிலேயே தீர்மானியுங்கள். ஒரு குழாயாலோ வாய்க்காலாலோ அதை வாழைப் பாத்திக்கு விட்டால் குசினியும் காயும், வாழையும் குலை போடும்.

சங்கங்களுக்கும் உதவுவோருக்கும்

ஒவ்வொரு வீடும் தனித்தனி அச்சுச் செய்வது வீண் செலவு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் நல்ல தகட்டில் இரண்டு அச்சுகளைச் செய்து வைத்துக் கொண்டு, முறைவைத்துக் கொடுக்கலாம். ஒரு வீட்டு அறுவடைக்கு மற்ற வீட்டார் போவது போல ஊற்றும் நாளிலும் ஆளுக்காள் உதவலாம். இரண்டு வீடுகள் சேர்ந்தால் ஒரு பையைப் பகிர்ந்து வீட்டுக்கு இரண்டு பலகை என்று ஊற்றலாம். பாதிப் பை கட்டி பிடித்து வீணாகாது.

வீட்டுத்திட்டங்களை நடத்துவோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் படத்தில் குசினி ஒரு சதுரமாக மட்டுமே இருக்கிறது. அந்தச் சதுரத்துக்குள் நாளொன்றில் ஐந்தாறு மணித்தியாலம் நிற்பவரிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. கூரை போட்டதும் வேலை முடிந்தது என்று கோப்பை மூடுகிறீர்கள். கடைசிக் கட்டப் பணத்தைக் கொடுக்கும் முன், குசினியிற் கை வைத்து வேலை செய்ய ஒரு தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஆகும் செலவு உங்கள் கணக்கில் மிகச் சிறியது.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டின் முன்பக்கத்தை ஊரார் பார்ப்பார்கள். குசினியை எவரும் பார்ப்பதில்லை. அதனாற்றான் அது கடைசியாகிறது. ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் முன் எழும்புபவர் போய் நிற்கும் இடம் அதுதான். காணி விடுபட்டதும் பார்ப்பம், கடன் முடிந்ததும் பார்ப்பம், மகளின் கலியாணம் முடிந்ததும் பார்ப்பம் என்று நாம் காத்திருக்கலாம். அவரின் முழங்கால் காத்திருக்காது.

அடுத்த முறை வளவுக்குச் சீமெந்து வந்து இறங்கும்போது முதற் பையைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு அவரைக் கூப்பிட்டு, நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கை வரை அளவெடுங்கள்.